'இனி' என்று முடியும் கோப்புகள்

ஏதாவது ஒரு பழைய மென்பொருளின் கோப்புறையைத் திறந்து பாருங்கள். பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஐ, என், ஐ என்ற மூன்று எழுத்துகளோடு ஒரு சின்னக் கோப்பு இருக்கும். சேர்த்துப் படித்தால் 'இனி'. தொடக்கத்தைக் குறிக்கும் நீண்டதோர் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்றெழுத்துதான் அது. தமிழில் தற்செயலாக நல்ல பெயராக வாய்த்துவிட்டது. மென்பொருள் கண் விழித்ததும் 'இனி நான் எப்படி நடந்துகொள்வது' என்று இந்தக் கோப்பைத்தான் கேட்கிறது.

தொட்டுட்டா கம்ப்யூட்டர் கெட்டுப் போயிடுமோ என்ற பயத்திலேயே பலர் இதைத் திறப்பதில்லை. உள்ளே இருப்பது வெறும் எழுத்து. சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு, அதன் கீழ் வரிக்கு ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு. அவ்வளவுதான். அரைப்புள்ளியில் தொடங்கும் வரியை மென்பொருள் தாண்டிப் போய்விடும். அது மனிதர் மனிதருக்கு எழுதி வைக்கும் குறிப்பு. மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டால் பயப்பட ஒன்றுமில்லை. நோட்பேட் போதும். 1985இல் வந்த முதல் விண்டோஸிலேயே நோட்பேடும் இருந்தது, 'வின்.இனி' கோப்பும் இருந்தது.

அதற்கும் முன்பே, 1983இல் வந்த டாஸ் 2.0இல் 'கன்ஃபிக்.சிஸ்' அறிமுகமானது. 640 கிலோபைட் நினைவகத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டிய காலம். ஒரு விளையாட்டு ஓட வேண்டுமென்றால் இந்தக் கோப்பில் ஒரு வரியை நீக்கி, இன்னொரு வரியை மாற்றி, கணினியை மறுபடி இயக்க வேண்டும். பள்ளிப் பையன்கள்கூட இதைச் செய்தார்கள். கணினி அறிவியல் படித்துவிட்டா செய்தார்கள்? கோப்பைத் திறந்தால் படிக்க முடிந்தது, படித்ததை மாற்ற முடிந்தது.

விண்டோஸ் 3.1 வந்தபோது 'வின்.இனி' பெருத்துவிட்டது. ஆளாளுக்கு அதில் வந்து தங்கள் வரிகளைக் கொட்டினார்கள். எழுத்துருக்களுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. கணினியில் ஏற்றிய ஒவ்வொரு எழுத்துருவும் அங்கே ஒரு வரி. கோப்பின் அளவுக்கோ 64 கிலோபைட் என்ற உச்சவரம்பு. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால் யாருடைய அமைப்பு எது என்று பிரிக்க வழியில்லை. ஆகவே விண்டோஸ் 95இலிருந்து அமைப்புகளை 'ரெஜிஸ்ட்ரி' என்ற பெரிய களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். நிர்வாகக் கணக்கில் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் நோட்பேடில் அதைத் திறந்தால் ஒன்றும் விளங்காது. படிக்கத் தனிக் கருவி வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதன் ஒரு பகுதியை வெளியே எடுத்துச் சேமித்தால் மறுபடியும் சதுர அடைப்பும் சமக்குறியுமாகவே வந்து நிற்கிறது.

யூனிக்ஸ் வழி வந்தவர்கள் இந்த மாற்றத்துக்குப் போகவில்லை. அங்கே அமைப்புக் கோப்புகள் இன்றும் பெரும்பாலும் எழுத்துக் கோப்புகள்தாம்.

இதுவரை 'வெறும் எழுத்து' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். யாருடைய எழுத்து? 1963இல் வெளியான ஆஸ்கி தரத்தில் மொத்தம் 128 இடங்கள். இங்கிலாந்தின் பவுண்டு குறிக்கே அதில் இடம் கிடையாது, தமிழுக்கு எங்கே? எழுத்துக் கோப்பு தன்னோடு எழுத்துருவைச் சுமப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். தொடக்ககாலத் தமிழ் எழுத்துருக்கள் சில, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தன. சொற்செயலியில் தமிழாகத் தெரியும். அதையே வெறும் எழுத்தாகச் சேமித்து நோட்பேடில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஆரம்பகால நோட்பேடில் எழுத்துருவை மாற்றவும் முடியாது. தமிழைச் சொற்செயலியில் எழுதலாம், அச்சிடலாம். கணினி படிக்கும் எளிய கோப்பில் மட்டும் வைக்க முடியாது.

இந்த இடத்தில்தான் நம் பக்கத்து முயற்சிகளின் அருமை தெரிகிறது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985லேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய 1997 தமிழ்நெட் மாநாட்டில் பொதுக் குறியீட்டைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. பின்னர் உருவான டிஸ்கி குறியீடு, முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டு மேல் பாதியில் தமிழை வைத்தது. எழுத்துரு அழகைப் பற்றிய பேச்சல்ல இது. ஒரே கோப்பில் கணினிக்குப் புரியும் வரியும் தமிழ் வரியும் அருகருகே இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு.

உலக அளவிலான விடை வேறொரு மூலையில் கிடைத்தது. 1992இல் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், மேசை விரிப்புத் தாளில் கென் தாம்ப்சன் யுடிஎஃப்-8 முறையை வடிவமைத்தார். ராப் பைக் உடனிருந்தார். ஆஸ்கியின் 128 எழுத்துகளும் பழையபடி ஒரு பைட்டில் இருக்கும். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். பழைய ஆங்கில அமைப்புக் கோப்பு ஒன்றையும் திருத்தாமல், அதில் தமிழ் வரியைச் சேர்க்கலாம்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நடைமுறையில் நோட்பேட் படுத்திய பாடு பெரிது. தமிழ்ச் சொல் உள்ள கோப்பைப் பழைய இயல்புநிலையில் சேமித்தால், எழுத்துகள் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிடும். யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்தாலோ கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் அடையாளத்தைத் தானாக ஒட்டிவிடும். வேர்ட்பிரஸில் இதழ் நடத்துகிறவர்கள் அமைப்புக் கோப்பில் ஆசையாக ஒரு தமிழ்க் குறிப்பு எழுதிச் சேமித்தால், அந்த மூன்று பைட்டே தளத்தைத் தகராறு செய்ய வைக்கும். வரி வரியாகத் தேடினாலும் பிழை அகப்படாது. அந்த ஒட்டு இல்லாமல் சேமிப்பதை நோட்பேட் இயல்பாக்கியது 2019இல்தான்.

'இனி' கோப்புகளின் கதை இன்னும் முடியவில்லை. அவற்றைப் படிக்க விண்டோஸ் மென்பொருளாளர்களுக்குத் தந்திருக்கும் பழைய செயற்கூறு, வழக்கமான அமைப்பில், யுடிஎஃப்-8ஐ இன்றும் அறியாது. அரைப்புள்ளிக்குப் பின்னால் தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் கேட்கப் போவதில்லை. சமக்குறிக்குப் பின்னால் உங்கள் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள்.