வீடியோவை வெளியே நிறுத்திய பிடிஎஃப்

1991-இல், அடோபி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் வார்னாக் ‘கேமலாட்’ என்ற பெயரில் ஒரு திட்டக்குறிப்பு எழுதினார். ஒரு கணினியில் உருவான பக்கம் எந்தக் கணினியிலும் அப்படியே தெரிய வேண்டும், எந்த பிரிண்டரிலும் அப்படியே அச்சாக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இரண்டே ஆண்டுகளில் பிடிஎஃப் வந்துவிட்டது. எழுத்துருவையும் கோப்புக்குள் வைத்து அனுப்பலாம் என்பது தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்குப் பெரிய விடுதலை. பாமினியில் அடித்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். அதையே பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் தமிழாகவே தெரியும்.

சிக்கல் பிறகுதான் வந்தது. 1996-இல் வெளியான பிடிஎஃப் 1.2, பக்கத்தில் ஒலியையும் அசையும் படத்தையும் சேர்க்க வழி செய்தது. அப்போது வீடியோ தனிக் கோப்பாக வெளியே இருக்கும். பக்கத்தில் இருப்பது அதைச் சுட்டும் ஒரு கட்டம் மட்டுமே. 2003-இல் அடோபியின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபேட் 6 வந்த பிறகு வீடியோவையே உள்ளே பொதிக்க முடிந்தது. ஆனால் அதை ஓட்டிக் காட்டும் வேலை குவிக்டைம், விண்டோஸ் மீடியா பிளேயர் போன்ற வெளி மென்பொருள்களிடமே இருந்தது. அவற்றில் ஒன்று போய்விட்டால் அந்த வீடியோவும் போன மாதிரிதான்.

இந்தக் கவலை யாரையும்விட நீதிமன்றங்களுக்கு அதிகம். அமெரிக்க மத்திய நீதிமன்றங்கள் வழக்கு ஆவணங்களை மின்வடிவில் வாங்கத் தொடங்கியிருந்தன. ஒரு தீர்ப்பை ஐம்பது ஆண்டு கழித்து எடுத்தாலும் அது அப்படியே படிக்கக் கிடைக்க வேண்டும். 2002-இல் அந்த நீதிமன்றங்களின் நிர்வாக அலுவலகமும், ஆவண நிர்வாகத் துறையின் ஏஐஐஎம் சங்கமும், அச்சுத்துறையின் என்பிஇஎஸ் சங்கமும் கைகோத்தன. 2005-இல் ஐஎஸ்ஓ 19005-1 என்ற தரநிலை வெளிவந்தது. அதுதான் பிடிஎஃப்/ஏ.

புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், இருந்த பிடிஎஃப் 1.4-ஐ எடுத்துக்கொண்டு, நாளைக்கு நம்ப முடியாததையெல்லாம் கழித்தார்கள். எழுத்துரு உள்ளேயே இருந்தாக வேண்டும். கடவுச்சொல் பூட்டு கூடாது, ஜாவாஸ்கிரிப்ட் கூடாது, ஒலி கூடாது, வீடியோ கூடாது. சாட்சியமே வீடியோவாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதைத் தனிக் கோப்பாகவே காக்க வேண்டும். இது இழப்புதான். ஆனாலும் நேர்மையான இழப்பு என்பேன். காப்பாற்ற முடியாத வாக்கை அவர்கள் கொடுக்கவில்லை.

மூன்றே ஆண்டில் சந்தை நேரெதிர்த் திசையில் போனது. 2008-இல் அக்ரோபேட் 9, ஃபிளாஷ் வீடியோவைப் பிடிஎஃப்புக்குள் கொண்டுவந்தது. இம்முறை ஓட்டும் கருவியையும் சேர்த்தே பொதித்தார்கள். ஆனால் அந்தக் கருவியே ஃபிளாஷில் எழுதப்பட்டது; அது இயங்க ஃபிளாஷ் பிளேயர் வேண்டும். 2016-இல் விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் கைவிட்டது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவும் முடிந்தது. அப்படிப் பொதித்த ஓர் ஆய்வேட்டை இன்று திறந்தால், உரையும் வரைபடங்களும் நன்றாகவே இருக்கும். வீடியோ இருந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு நிலைப்படம் நிற்கும், சொடுக்கினால் ஓடாது. இத்தனைக்கும் வீடியோவின் தரவு கோப்புக்குள் அப்படியே இருக்கிறது. அது எச்.264 வகையாக இருந்தால், பிரித்தெடுத்து இன்றைய எந்த பிளேயரிலும் பார்க்கலாம்.

2012-இல் வந்த பிடிஎஃப்/ஏ-3 ஒரு கதவைத் திறந்தது. எந்த வகைக் கோப்பையும் இணைப்பாக உள்ளே வைக்கலாம், வீடியோவையும்கூட. ஆனால் பக்கத்தில் அது ஓடாது. அதைத் திறந்து காட்டும் பொறுப்பையும் தரநிலை ஏற்பதில்லை. ஃபிளாஷ் காலத்து ஆய்வேடு கையில் இருப்பவர்கள் அதன் வீடியோக்களை இப்போதே பிரித்தெடுத்து, ஆய்வேடு இருக்கும் அதே காப்பகத்தில் தனியாகவும் போட்டுவைக்க வேண்டும்.