நிலக்கரியில் பதிந்த தழும்பு

நெய்வேலியில் மண்ணை அகழும் மாபெரும் பொறிகளைக் கண்டு வியந்தவர் பலர். ஆங்கு வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியை அமிலத்தாலும் காரத்தாலும் பக்குவம் செய்து, எஞ்சியதை நுண்ணோக்கியில் நோக்கியவர் மிகச் சிலரே. அவர்கள் கண்டவை மகரந்தத் துகள்களும் பெரணிச் செடிகளின் நுண்வித்துக்களுமாம்.

நிலக்கரி நிறுவனம் அமைந்தது 1956இல். கரிப்படுகை வெளிப்பட்டது 1961இல். 1966இல் சி. ஜி. கே. இராமானுஜம் தென்னார்க்காட்டு நிலக்கரியின் மகரந்தங்களையும் வித்துக்களையும் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்.

இத்துகள்கள் பிறந்தது எங்ஙனம்? நெல்லின் உடலணுவில் 24 நிறக்கோல்கள் உள்ளன; மனிதனுக்கு 46. இவ்வெண் 46 என உறுதிப்பட்டதும் 1956ஆம் ஆண்டிலேதான். தாயணுவும் தந்தையணுவும் கூடும்போதெல்லாம் எண்ணிக்கை இரட்டித்தால், தலைமுறைதோறும் அது பெருகிக்கொண்டே போகும் அன்றோ? ஆதலின் எங்கேனும் ஒரு பாதியாக்கம் நிகழ வேண்டும் என 1887இல் வைஸ்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் வாதிட்டார். அதனையே குன்றல் பகுப்பு என்கிறோம். ஓரணு இருமுறை பிரிந்து, பாதி நிறக்கோல்களுடைய நான்கு அணுக்களாகிறது.

இப்பகுப்பு நிகழும் இடம் உயிர்தோறும் வேறுபடும். விலங்குகளில் அது விந்தணுவையும் முட்டையையும் நேரே தருகிறது. குளத்துப் பாசியாகிய ஸ்பைரோகைராவில், இரண்டணு கூடிய பின் முதல் வேலையே பாதியாக்கம். பாசியிழை முழுதும் பாதி எண்ணிக்கையுடனேயே வாழ்கிறது. பெரணியோ இடைவழி செல்வது. இலையடியில் பிறக்கும் வித்து மண்ணில் முளைத்துச் சிறு பச்சைத் தகடாகித் தனித்து வாழும். பால் அணுக்களைத் தருவது அத்தகடே. இவ்விரு தலைமுறைகளும் மாறிமாறி வருவதை, நிறக்கோல்கள் அறியப்படுமுன்பே, 1851இல் ஹாஃப்மைஸ்டர் விளக்கினார். அம்மாற்றத்தின் திருப்புமுனை குன்றல் பகுப்பே என 1894இல் எடுத்துரைத்தவர் ஸ்ட்ராஸ்பர்கர். பூக்குஞ்செடியில் பாதித் தலைமுறை மிகச் சுருங்கி, மகரந்தத்துள்ளும் சூலினுள்ளும் ஒடுங்கிவிட்டது.

மாணவர்களே, பெரணி வித்துக்கள் பலவற்றின் மேல் மூன்று கதிராய்ப் பிரிந்த தழும்பு ஒன்றைக் காணலாம். உடன்பிறந்த நான்கு வித்துக்கள் ஒன்றையொன்று ஒட்டியிருந்த அடையாளம் அது. குன்றல் பகுப்பு தன் கையால் இட்ட முத்திரை. உள்ளிருந்த நிறக்கோல்கள் என்றோ அழிந்தன. மேலுறை மட்டும் அழுகாத உறுதியுடையதாகையால், கோடிக்கணக்கான ஆண்டுகள் கடந்தும் அம்முத்திரை நெய்வேலிக் கரியில் நிலைத்திருக்கிறது. அடுப்பில் எரிந்து மின்னாகும் கரியில் அதுவும் சாம்பலாகின்றது. எரியுமுன் ஒரு பிடியையேனும் எடுத்து நோக்குதல் கற்றார் கடமை.