பழைய மோட்டார் சைக்கிளின் காபரேற்றரைச் சீர்செய்வது எப்படி?

வடக்கிலும் கிழக்கிலும் முப்பது, நாற்பது வருடம் ஓடிய ஹொண்டா மோட்டார் சைக்கிள்கள் இன்னும் வீதியில் இருக்கின்றன. சி.90, எம்.டி.90, சாலி, சீ.டி.125, சீ.டி.200 என்று அவற்றின் பெயர்களைக் கேட்டாலே பலருக்கு ஒரு காலம் நினைவுக்கு வரும். சிலருக்கு அவை ஆசைக்கு வைத்திருக்கும் பழைய சாமான்கள். ஆனால் மீன் பெட்டி கட்டிச் செல்பவருக்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகும் தாய்க்கும் அதுதான் வீட்டிலுள்ள ஒரே வாகனம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழையதை விற்றுப் புதியதை வாங்குவதும் எளிதாக இருக்கவில்லை.

இந்த வாகனங்களில் அடிக்கடி பிழைப்பது காபரேற்றர். அது பெற்றோலைக் கூடுதலாக விட்டால் பணம் புகையாகப் போகும். குறைவாக விட்டால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகி பிஸ்டனே உருகக்கூடும். இயந்திரத்தைப் பிரித்துப் புதிதாகச் செய்யும் செலவைத் தாங்க முடியாத வீட்டில் அந்த வாகனம் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றுவிடும். இந்தக் கட்டுரை அதைத் தவிர்ப்பதற்கானது.

மண்ணெண்ணெய்க் காலம் விட்டுச்சென்றவை

எங்கள் பகுதி மோட்டார் சைக்கிள்களுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு வரலாறு உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போனது. கிடைத்தாலும் போத்தல் கணக்கில், வாங்க முடியாத விலையில். அப்போது மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள்.

இதன் பின்னால் இருப்பது எளிய விஞ்ஞானம். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல். எனவே குளிர்ந்த இயந்திரத்தில் அது ஆவியாகாமல் துளியாகவே நிற்கும். சூடேறிய பிறகுதான் எரியும். பிரித்தானியாவின் ஃபெர்குசன் டிராக்டர்களில் ஒரு வகை இதே முறையில்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது: பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெயைப் போன்ற மலிவான எரிபொருளுக்கு மாறும். ஆனால் அந்த டிராக்டரின் இயந்திரத்தில் அழுத்த விகிதம் அதற்கென்றே குறைக்கப்பட்டிருந்தது. எங்கள் ஹொண்டாக்கள் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. ஒக்டேன் மிகக் குறைந்த மண்ணெண்ணெயில் அவை 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே ஓடின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்தது. தேய்மானம் கூடியது.

2002இல் தடை தளர்ந்து பெற்றோல் வந்தது. ஆனால் மண்ணெண்ணெய்க்காகக் கம்பியால் குடைந்து பெருப்பித்த ஜெட்டுகள் பல வாகனங்களில் அப்படியே தங்கிவிட்டன. நான் வைத்திருப்பது அப்பா அந்தக் காலத்தில் ஓடிய சீ.டி.125. அதன் பிரதான ஜெட்டில் பொறித்த இலக்கம் சரியாகத்தான் இருந்தது; துவாரம் மட்டும் முட்டை வடிவமாக இருந்தது. ஆகவே முதல் விதி இது: குடைந்த ஜெட்டின் இலக்கத்தை நம்ப வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துவாரம் வட்டமாக இல்லாவிட்டாலோ, கீறல் இருந்தாலோ புதியதைப் போடுங்கள். ஜெட்டைத் துப்புரவாக்கவும் உலோகக் கம்பி வேண்டாம். காற்றடித்து அல்லது நைலோன் நூலால் சுத்தம் செய்யுங்கள்.

உள்ளே நடப்பது என்ன?

காபரேற்றரின் வேலை காற்றையும் பெற்றோலையும் அளவாகக் கலப்பது. முழுமையாக எரிய 1 கிராம் பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் கலவை 'ரிச்', குறைந்தால் 'லீன்' என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். நீங்கள் அக்சிலேற்றரை எவ்வளவு முறுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து, கலவையைத் தீர்மானிக்கும் பாகமும் மாறுகிறது.

• முறுக்காத நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை: பைலட் ஜெட்டும் கலவைத் திருகாணியும்.
• எட்டில் ஒன்றிலிருந்து காற்பங்கு வரை: சிலைட்டின் அடியில் வெட்டப்பட்டிருக்கும் சரிவு.
• காற்பங்கிலிருந்து முக்கால் வரை: ஊசியும் அது இறங்கும் ஜெட்டும்.
• முக்காலிலிருந்து முழுவதும்: பிரதான ஜெட்.

எல்லை இவ்வளவு கறாராக இருக்காது. ஒன்று மற்றதைக் கொஞ்சம் தொடும். ஆனாலும் வாகனம் எந்த முறுக்கில் பிழைக்கிறது என்று தெரிந்தால் எதைத் தொடவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கைப்பிடியில் ஒரு துண்டு ரேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று பேனையால் குறித்துக்கொள்ளுங்கள். கண் மதிப்பு ஏமாற்றும்.

மாற்றங்கள் செய்த வாகனம் ஏன் பிழைக்கிறது?

இளைஞர்கள் இப்போது பழைய ஹொண்டாக்களின் காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் போடுகிறார்கள். சைலன்சரைக் குறுக்குகிறார்கள், அல்லது உள்ளே இருக்கும் தடுப்பை எடுத்துவிடுகிறார்கள். இரண்டும் காற்றோட்டத்தைக் கூட்டுகின்றன. பெற்றோல் அதே அளவில் வந்தால் கலவை லீன் ஆகிவிடும். சத்தம் பெரிதாகக் கேட்பதால் வாகனம் வேகமாக ஓடுவதுபோல் தோன்றும். உள்ளே பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும். இப்படி மாற்றினால் பெரும்பாலும் பிரதான ஜெட்டைச் சில இலக்கம் பெரிதாக்கவும், ஊசியை ஒரு வெட்டு உயர்த்தவும் நேரும். மலிவாகக் கிடைக்கும் போலிக் காபரேற்றரை அப்படியே பூட்டினாலும் இதே நிலைதான். அது உங்கள் இயந்திரத்துக்கென்று அளந்து செய்யப்பட்டதல்ல.

கை வைப்பதற்கு முன்

காபரேற்றர் பிழை என்று கொண்டுவரும் பல வாகனங்களில் குற்றம் வேறெங்கோ இருக்கும். முதலில் இவற்றைப் பாருங்கள்.

• பிளக் இடைவெளி: 0.6 முதல் 0.7 மி.மீ.
• பொயின்ற் உள்ள பழைய சிறிய ஹொண்டாக்களில் அதன் இடைவெளி: 0.3 முதல் 0.4 மி.மீ.
• வால்வு இடைவெளி: சி.90 போன்றவற்றில், இயந்திரம் முற்றாகக் குளிர்ந்திருக்கையில் 0.05 மி.மீ.
• தாங்கியின் உள்ளே துரு, பெற்றோல் குழாயின் வலை, மூடியின் காற்றுத் துவாரம். துவாரம் அடைத்தால் கொஞ்சத் தூரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் மீண்டும் ஓடும்.
• காபரேற்றரும் இயந்திரமும் சேரும் இடத்தில் காற்றுக் கசிவு. ஓடும்போது அந்த மூட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் அங்கே கசிவு உண்டு. றப்பர் வளையத்தை மாற்றுங்கள். இந்தச் சோதனைக்குப் பெற்றோலைப் பயன்படுத்தவே கூடாது.

சீ.டி.125, சீ.டி.200 வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. அவற்றில் இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே காபரேற்றர். ஒரு பிளக் வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் இருந்தால் ஜெட்டில் தேட வேண்டாம். ஒரு பக்கத்துப் பொறி, வால்வு, அல்லது காற்றுக் கசிவுதான் காரணம்.

சீர்செய்யும் ஒழுங்கு

முதலில் மிதவை. காபரேற்றரைச் சரித்துப் பிடித்து, மிதவையின் நாக்கு ஊசியை மெல்லத் தொடும் நிலையில் உயரத்தை அளக்க வேண்டும். சரியான அளவு உங்கள் வாகனத்தின் கைநூலில் இருக்கும். மிதவை பிழைத்தால் மற்ற எல்லா அளவும் பிழைக்கும்.

இரண்டாவது பிரதான ஜெட். நேரான, வெறுமையான வீதியில், சூடான இயந்திரத்துடன், புதிய பிளக் போட்டு முழு முறுக்கில் சிறிது தூரம் ஓடுங்கள். முறுக்கைக் குறைக்காமலே கிளச்சைப் பிடித்து அதே கணத்தில் இயந்திரத்தை நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் பகுதி தேநீர் நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் லீன், பெரிய ஜெட் வேண்டும். கரிப்புகை படிந்திருந்தால் ரிச், சிறிய ஜெட் வேண்டும். சந்தேகம் இருந்தால் பெரிய ஜெட்டிலிருந்து தொடங்கிச் சிறியதற்கு இறங்குங்கள். ரிச் பிளக்கைக் கெடுக்கும். லீன் இயந்திரத்தையே கெடுக்கும்.

மூன்றாவது ஊசி. அரை முறுக்கில் இழுவை குறைந்து துள்ளினால் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்குங்கள். ஊசி உயரும், பெற்றோல் கூடும். அரை முறுக்கில் மந்தமாகிக் கறுப்புப் புகை வந்தால் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

கடைசியாகக் கலவைத் திருகாணி. அதை மெதுவாக முடிவுவரை இறுக்கி, பின்பு ஒன்றரைச் சுற்றுத் திறவுங்கள். அழுத்தி இறுக்கினால் நுனி உடையும். பத்து நிமிடம் ஓடிச் சூடானதும், திருகாணியைக் காற்சுற்று வீதம் இரு பக்கமும் திருப்பி, ஓட்டம் மிக உயரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஐடில் திருகாணியால் ஓட்டத்தைக் குறைத்து, இன்னொரு தடவை செய்யுங்கள். எல்லா வாகனத்திலும் திருகாணி ஒரே பக்கம் இல்லை. அது ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது, திறந்தால் லீன். இயந்திரப் பக்கம் இருந்தால் பெரும்பாலும் பெற்றோலைக் கட்டுப்படுத்துகிறது, திறந்தால் ரிச். இது தெரியாமல் திருப்புவதால்தான் பலர் நாள்முழுக்க உதைத்துக் களைக்கிறார்கள்.

முறுக்கை விட்டதும் சைலன்சரில் 'படபட' என்று வெடித்தால் பைலட் லீன், அல்லது சைலன்சர் மூட்டில் கசிவு. சோக் இழுத்தால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் லீன். இயந்திரம் சூடேறச் சூடேற மோசமானால் ரிச்.

எழுதி வையுங்கள்

2022இல் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் முதலில் கிடைத்தது. காபரேற்றர் சரியாக இருந்தவர்கள் அதில் வாரத்தை ஓட்டினார்கள். மற்றவர்கள் பாதியில் உருட்டினார்கள். அப்போது சிலர் மீண்டும் மண்ணெண்ணெயை நினைத்தார்கள். அதன் விலையை அந்த இயந்திரங்களின் வளையங்களும் வால்வுகளும் ஏற்கனவே கொடுத்துவிட்டன. இன்னொரு தடவை வேண்டாம்.

அந்தக் காலத்தில் வாகனங்களை ஓடவைத்த மெக்கானிக்குகள் காதால் கேட்டே கலவையைச் சொல்வார்கள். அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், பலர் புலம்பெயர்ந்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்களின் அறிவு பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள். ஒரு கொப்பியில் ஜெட் இலக்கம், கிளிப் நிற்கும் வெட்டு, திருகாணியின் சுற்று, பிளக்கின் நிறம், திகதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அடுத்த தடவை வாகனம் பிழைக்கும்போது எங்கே தொடங்குவது என்று அந்தப் பக்கம் சொல்லும்.