மடக்குக்கத்தியின் வயது

பழைய கோயிலொன்றின் காலத்தை அறிய விரும்புவோர் முதலில் அதன் கல்வெட்டையே நாடுவர். அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் அதில் தெளிவாக இருப்பின் ஐயத்துக்கு இடமில்லை. எழுத்துச் சிதைந்திருப்பின், தூணின் அமைப்பும் கல்லின் தன்மையும் திருப்பணியின் அடையாளங்களும் சான்று கூறும். சட்டைப்பையில் அடங்கும் சிறு மடக்குக்கத்தியின் வயதைக் கணிக்கும் முறையும் இதற்கு வேறானதன்று. அதன் அலகில் எழுத்துண்டு. சில வேளைகளில் அரச முத்திரையும் உண்டு. எழுத்துத் தேய்ந்தவிடத்து இரும்பும் கொம்பும் பித்தளையும் பேசத் தொடங்கும்.

மடங்கும் கத்தி மிகப் பழமையானது. உரோமர் காலத்திலேயே அத்தகைய கத்திகள் இருந்தன. ஆயினும் அவற்றில் அலகை விரித்த நிலையில் நிறுத்திவைக்க இன்றுள்ளது போன்ற வில் இல்லை. அச்சாணியின் இறுக்கமே அலகைத் தாங்கியது. பிடியின் முதுகில் உருக்கு வில்லொன்றை அமைத்து, அது அலகின் அடியை அழுத்துமாறு செய்யும் முறை பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்தில் வளர்ச்சியுற்றது. உலகெங்கும் பரவிய பேனாக்கத்தி அம்முறையிலேயே அமைந்தது. இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்குப் பயன்பட்டமையாலேயே அதற்கு அப்பெயர் வந்தது.

ஷெபீல்டைச் சூழ்ந்து ஐந்து ஆறுகள் ஓடுகின்றன. அவற்றின் நீர்விசை சாணைக்கற்களைச் சுழற்றியது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஆங்கிலப் புலவர் சோசர் தம் கதையொன்றில் ஷெபீல்டுக் கத்தியைக் குறிப்பிடும் அளவுக்கு இத்தொழில் அங்கே வேரூன்றியிருந்தது. 1624ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டமொன்றினால் அப்பகுதிக் கத்தித் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. தொழில் பயின்று தேறியவன் தனக்கென ஓர் அடையாளத்தைச் சங்கத்திற் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிறனொருவன் அதனைப் பொறித்தல் குற்றமாக இருந்தது. ஆகவே அலகின் அடியிற் காணப்படும் நட்சத்திரமும் சிலுவையும் மகுடமும் அழகுக்காகப் பொறித்தவையல்ல. அவை செய்தவனின் கையொப்பங்கள்.

இவ்வடையாளத்தை வைத்துக் காலத்தைக் கணிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். ஷெபீல்டின் புகழ்பெற்ற நிறுவனமான ஜோசப் ரொட்ஜர்ஸ், நட்சத்திரமும் மால்ற்றாச் சிலுவையும் சேர்ந்த அடையாளத்தைப் பயன்படுத்தியது. அவ்வடையாளம் 1682இல் முதன்முதல் வழங்கப்பட்டு, 1764இல் ரொட்ஜர்ஸ் குடும்பத்தின் உரிமையாயிற்று. இருபதாம் நூற்றாண்டிலும் அது பொறிக்கப்பட்டது. ஆகவே அவ்வடையாளம் உள்ள கத்தியெல்லாம் 1682ஆம் ஆண்டினது என்று கொள்வது பெரும் பிழையாகும். அடையாளம் பிறந்த ஆண்டு வேறு. கத்தி பிறந்த ஆண்டு வேறு.

அரச முத்திரை இன்னும் நுட்பமான சான்று. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னரின் கத்தி வினைஞராக ரொட்ஜர்ஸ் நியமனம் பெற்றது. அதன்பின் அலகுகளில் மகுடத்துடன் அரசரின் பெயரெழுத்துகளும் இடம்பெற்றன. வீ. ஆர். என்னும் எழுத்துகள் விக்டோரியா மகாராணியைக் குறிப்பன. அவை 1837க்கும் 1901க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டும். டபிள்யூ. ஆர். எனின் 1830 முதல் 1837 வரை ஆண்ட நான்காம் வில்லியம் காலத்தது. ஆனால் ஜீ. ஆர். என்னும் எழுத்துகள் கண்டவிடத்து அவசரப்படலாகாது. 1820 முதல் 1830 வரை ஆண்ட நான்காம் ஜோர்ஜுக்கும், 1910இல் அரியணை ஏறிய ஐந்தாம் ஜோர்ஜுக்கும், 1952இல் மறைந்த ஆறாம் ஜோர்ஜுக்கும் அவை பொதுவானவை. ஒரே எழுத்து நூறாண்டு வேறுபாட்டை மறைத்து நிற்கிறது. இச்சிக்கலை அவிழ்க்க வேறு சான்றுகளின் துணை வேண்டும்.

அத்துணையைச் சட்டங்கள் தருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜேர்மனியின் சோலிங்கன் நகரத்திற் செய்த கத்திகள் சில ஷெபீல்டின் பெயரைத் தாங்கிச் சந்தைக்கு வந்தன. பிரித்தானியப் பாராளுமன்றம் 1887இல் வணிகக் குறிச் சட்டத்தை நிறைவேற்றி, பிறநாட்டுப் பொருள் பிரித்தானியப் பொருள் போலத் தோற்றமளித்து மக்களை ஏமாற்றுவதைத் தடுத்தது. ‘ஜேர்மனியிற் செய்தது’ என்னும் பொறிப்பு பரவியதற்கு அச்சட்டமே காரணம். அமெரிக்கா 1890இல் இயற்றிய தீர்வைச் சட்டமும், இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென விதித்தது. எனவே ‘இங்கிலாந்து’ என்னும் சொல் பொறித்த கத்தி பெரும்பாலும் 1890க்குப் பிற்பட்டதாகும். இதனைத் தலைகீழாகக் கொள்ளலாகாது. உள்நாட்டில் விற்பதற்கெனச் செய்த கத்திக்கு நாட்டின் பெயர் தேவைப்படவில்லை. ஆதலால் அச்சொல் இல்லாமை பழமைக்கு உறுதியான சான்றாகாது. ‘மேற்கு ஜேர்மனி’ என்ற பொறிப்போ, அந்நாடு பிரிந்திருந்த 1949க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தைச் சுட்டும்.

பொருள்களின் சான்றும் வலிமை வாய்ந்தது. 1913இல் ஷெபீல்டில் ஹரி பிரெயர்லி துருவேறா உருக்கை வார்த்தார். ஆகவே ஜீ. ஆர். என்று பொறித்த அலகு துருவேறா உருக்கினால் ஆனதாயின், அது நான்காம் ஜோர்ஜின் காலத்தது என்ற எண்ணம் உடனே வீழ்ந்துவிடும். பிடியையும் நோக்க வேண்டும். தந்தம், எலும்பு, ஆமையோடு, முத்துச்சிப்பி ஆகியன பழமையான பொருள்கள். இந்தியாவிலிருந்து சென்ற மரைக்கொம்பு, பிடிகளுக்குப் பெரிதும் விரும்பப்பட்டது. அமெரிக்காவில் 1870இல் ஹயாட் சகோதரர் காப்புரிமை பெற்ற செலுலோயிட், இப்பொருள்களின் சாயலைப் போலியாகக் காட்டவல்லது. தந்தம் போலத் தோன்றும் பிடி செலுலோயிட் எனத் தெரியவரின், அப்பிடி 1870க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது.

சில நிறுவனங்கள் காலத்தைக் கூறும் குறிகளைத் தாமாகவே விட்டுச் சென்றுள்ளன. சுவிற்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1884இல் தொழிற்சாலையைத் தொடங்கி, 1891இல் அந்நாட்டுப் படைக்குக் கத்தி வழங்கலானார். 1909இல் தாயார் மறைந்தபின், அவரது பெயரான ‘விக்டோரியா’ வணிகப் பெயராயிற்று. 1921இல் துருவேறா உருக்கைக் குறிக்கும் ‘இனொக்ஸ்’ என்ற சொல் அதனுடன் இணைந்து ‘விக்டோரினொக்ஸ்’ பிறந்தது. ஆகவே அப்பெயர் தாங்கிய கத்தி எதுவும் 1921க்கு முற்பட்டதன்று. பிரான்சின் சவோய்ப் பகுதியில் ஓப்பினெல் கத்தி 1890இல் தோன்றியது. அலகை அசையாது பூட்டும் உலோக வளையம் அதிற் சேர்ந்தது 1955இலாகும். அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970இல் அலகின் அடியில் பத்துப் புள்ளிகளைப் பொறித்தது. பின்னர் ஆண்டுக்கொரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டு வந்தது. 1979இல் ஒரு புள்ளியே எஞ்சியது. புள்ளிகளை எண்ணத் தெரிந்தவன் ஆண்டையும் சொல்லிவிடலாம்.

இவையெல்லாம் ஒருங்கே நோக்கத்தக்கவை. ஒரு கத்தியின் உறுப்புகளுள் மிகப் பிந்தித் தோன்றியது எதுவோ, அதற்கு முன் அக்கத்தி முழுமை பெற்றிருக்க முடியாது என்பதே அடிப்படை விதி. ஆயினும் முறிந்த அலகை மாற்றுவதும் உடைந்த பிடியைப் புதுக்குவதும் உலக வழக்கு. ஆகவே அச்சாணிகளின் தலை, நகப்பள்ளத்தின் தேய்வு, அலகு மூடும்போது வில்லுடன் பொருந்தும் முறை ஆகியவை ஒன்றோடொன்று இணங்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். முதிர்ந்த பிடியில் தேயாத அலகு இருப்பின், அங்கே பழுதுபார்த்தவன் கையோ பொய் செய்தவன் கையோ பட்டிருத்தல் கூடும். பழம்பொருளுக்கு விலை மிகுந்துள்ளமையால், பழைய பெயரைப் புதிய அலகிற் பொறித்து விற்பாரும் உளர். மற்றொரு தீங்கு அறியாமையால் விளைவது. துருவை நீக்கும் ஆர்வத்தில் அரத்தாலும் மணற்றாளாலும் அலகைத் தேய்ப்போர், அடியிலுள்ள எழுத்தையும் அழித்துவிடுகின்றனர். மெல்லிய துணியும் சிறிது எண்ணெயும் போதும். எழுத்து அழிந்தபின் அதை மீட்க வழியில்லை.

அலகில் நிற்பது நிறுவனத்தின் பெயரே. அதைக் காய்ச்சி அடித்தவன், சாணையிட்டவன், பிடி பொருத்தியவன் ஆகியோரின் பெயர்கள் அதில் இல்லை. ஷெபீல்டில் அவ்வேலைகள் பெரும்பாலும் வெவ்வேறு கைகளிற் பிரிந்திருந்தன. சிறு பட்டறைகளில் கூலிக்கு உழைத்தவர் பலர். சாணைக்கல்லின் தூசியைச் சுவாசித்து, நுரையீரல் நோயால் இளமையிலேயே மாண்ட சாணைக்காரர் எண்ணற்றோர். அவர்களுக்குக் கல்வெட்டு எழுப்பியவர் இல்லை. அலகின் சரிவில் எஞ்சியுள்ள சாணைக்கோடுகளும், வில்லும் அலகும் இம்மியளவும் பிசகாது பொருந்தும் நேர்த்தியுமே அவர்கள் விட்டுச் சென்ற எழுத்து. கத்தியின் காலத்தைச் சரியாகக் கணிப்பவன், அதன் விலையை மட்டுமன்றி, அவ்வெழுத்து எக்காலத்து மனிதருக்குரியது என்பதையும் அறிந்துகொள்கிறான்.