கூறு இறைச்சியும் சட்டங்களும்: தமிழகத்தில் வீட்டு அறுப்பின் வரலாறு

முன்னுரை

வளர்த்த ஆட்டைத் தம் முற்றத்திலேயே அறுத்து உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் பங்கிடுதல் தமிழகச் சிற்றூர்களின் நெடுநாளைய வழக்கமாகும். தீபாவளி போன்ற நாட்களில் சில வீட்டார் சேர்ந்து ஒரு கிடாயை அறுப்பர். கறி, எலும்பு, ஈரல், குடல் ஆகிய யாவும் சிறிது சிறிதாக அமையுமாறு பிரித்து வைக்கப்படும் பங்கே ‘கூறு’ எனப்படும். ஆட்டின் விலையைக் கூறுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பணம் பெறுவர். எஞ்சிய கறி உப்பும் மஞ்சளும் தடவி உலர்த்தப்பட்டு உப்புக்கண்டமாகும். இவ்வழக்கத்தைச் சட்டங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பலியும் விற்பனையும்

பண்டை இலக்கியம் விலங்கறுப்பை இரு நிலைகளில் காட்டுகிறது. திருமுருகாற்றுப்படையில் கிடாயின் குருதி கலந்த அரிசி முருகனுக்குப் பலியாகிறது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமோ, உண்பதற்காக விலைகொடுத்து வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இலர் என வாதிடுகிறது (குறள் 256). ஊன் விற்பனை அன்றே நிலைபெற்றிருந்தமைக்கு இது சான்று. கூறு இவ்விரண்டிலும் முழுமையாக அடங்காது. அதில் பணம் உண்டு, ஆயினும் வணிக ஊதியம் நோக்கமன்று. குலதெய்வக் கிடாவெட்டில் படையலும் விருந்தும் ஒன்றாகவே நிகழ்கின்றன.

சட்டங்களின் பார்வை

1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் இடத்தை அளவுகோலாகக் கொண்டது. நகர எல்லைக்குள் உணவுக்கான அறுப்பைப் பொது அல்லது உரிமம் பெற்ற இறைச்சிக்கூடங்களுக்கு உரியதாக்கி, திருவிழாக் காலங்களுக்கு விலக்களிக்கவும் இடம் தந்தது. 1950ஆம் ஆண்டின் விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டம் நோக்கத்தை அளவுகோலாக்கியது. தெய்வத்தை மகிழ்விக்கும் எண்ணத்துடன் பொது வழிபாட்டிடத்தில் செய்யும் கொலையை அது தடுத்தது. நெடுங்காலம் பெரிதும் ஏட்டளவில் இருந்த அச்சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த 2003 ஆகஸ்டில் அரசு ஆணையிட்டது. கடும் எதிர்ப்பு எழவே, 2004இல் சட்டம் நீக்கப்பட்டது.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம் முறையை நோக்கியது. தேவையற்ற வலியின்றி உணவுக்காகக் கொல்வதை அது குற்றமாக்கவில்லை. அதன்கீழ் அமைந்த 2001ஆம் ஆண்டு விதிகள், நகராட்சிப் பகுதியில் அங்கீகாரம் பெற்ற இறைச்சிக்கூடம் தவிர வேறிடத்தில் அறுப்பதைத் தடுக்கின்றன. ஆனால் நாளொன்றுக்கு 10 அல்லது அதற்கு மேற்பட்ட விலங்குகளை அறுக்கும் இடத்தையே அவை இறைச்சிக்கூடம் என வரையறுக்கின்றன. ஆண்டுக்கு ஓரிரு கிடாய்களை அறுக்கும் முற்றம் இவ்வரையறையின் கற்பனைக்குள் வரவில்லை.

நலவாழ்வுக் கேள்வி

கட்டுப்பாட்டுக்குத் தக்க காரணமும் உண்டு. அடைப்பான் நோய் கண்ட விலங்கை அறுப்போருக்கும் அதன் இறைச்சியைக் கையாள்வோருக்கும் நோய் பரவும். கால்நடை மருத்துவரின் ஆய்வு இவ்விடரைத் தடுக்கவல்லது. கூறு முறையில் ஆட்டை வளர்த்தவரை வாங்குவோர் அறிவர். அவ்வறிமுகம் ஏமாற்றைத் தடுக்கலாம், நோயைத் தடுக்காது.

முடிவுரை

இடம், நோக்கம், முறை எனச் சட்டங்கள் தனித்தனியே பிரித்து நோக்கியவற்றைச் சிற்றூர் ஒரே நிகழ்வாக வாழ்ந்தது. உணவு, படையல், பங்கீடு மூன்றும் ஒரே முற்றத்தில் கூடின. 2003ஆம் ஆண்டு ஆணைக்கு எழுந்த எதிர்ப்பைச் சமய உணர்வின் வெளிப்பாடாக மட்டும் கொள்வது போதாது. தெய்வத்தின் முன் வெட்டிய கிடாயே உறவினரின் விருந்தாகவும் இருந்தமையால், பலித் தடை பந்தியையும் தொட்டது. நலவாழ்வை முன்னிறுத்தும் சட்டம் மருத்துவ ஆய்வை முற்றத்துக்குக் கொண்டுசெல்லாமல், முற்றத்தை மட்டும் விலக்குமாயின், அறுப்பு நிற்பதில்லை. அது பார்வைக்கு மறைவாகத் தொடரும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.