கொட்டியாரத்திற் சிறைப்பட்ட இளைஞன்

பிறநாடு சென்று கற்போர் தம் விருப்பத்தாற் செல்வர். விருப்பமின்றியே ஒரு நாட்டுக்கு மாணாக்கனானவன் றொபேட் நொக்ஸ். புயலில் இழந்த பாய்மரத்தை மாற்றும்பொருட்டு 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், ஈச்சிலம்பற்றுக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் குடாவிற் புகுந்தது. 1660ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவர் மகன் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக் கண்டிநாட்டு ஊர்களிற் பிரித்து வைத்தனர். மகனுக்கு அப்போது வயது 19.

மறுவருடமே தந்தையார் காய்ச்சலால் இறந்தார். பிணத்தைக் கயிறு கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாம் என்றனர் ஊரவர். மகன் இணங்காது குழி தோண்டி அடக்கஞ்செய்தான்.

பின்னர் அவன் சிங்களம் பேசப் பழகினான், சோறுண்டான், தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான். (இதில் ஊரவரையே வென்றுவிட்டான் போலும்!) ஆங்கிலேயர் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து தங்கினர், அவனோ மணஞ்செய்திலன். பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்து ஆங்கில விவிலியம் ஒன்றைப் பெற்று வைத்துக்கொண்டான்.

பண்டம் விற்று ஊரூராய்த் திரிந்தமையே அவனுக்கு வழிகளைக் கற்பித்தது. 1679இல் ஸ்டீபன் றட்லண்ட் என்பவனுடன் வடக்கே நடந்து அநுராதபுரத்தை அடைந்தான். அங்கு வாழ்ந்தவர்களோ தமிழர். இத்தனை ஆண்டுகளாக அவனை வாழவைத்த சிங்களம் அவர்களிடத்தே செல்லவில்லை, மீண்டும் அந்நியனாயினான். ஆற்றங்கரைக் காட்டுவழியே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினான்.

1681இல் இலண்டனில் வெளிவந்த அவனது நூல் கண்டிநாட்டு உழவு, உணவு, திருமணம், அரசியல் யாவற்றையும் விரித்துரைக்கின்றது. சிறைவைத்த நாட்டை அவன் எவ்வளவு கூர்ந்து கற்றான் என்பதை அதன் பக்கங்களிலே காணலாம்.