மாணாக்கர் வினாவும் மூத்தோர் விடையும்

ஒரு மக்கட்கூட்டத்தார் தம் உரிமை வேண்டி எழுந்த வரலாற்றைப் படிக்குங்கால், பகைவரோடு அவர் பொருத போரே பெரிதும் பேசப்படுகின்றது. அவர்தம் மூத்தோர்க்கும் இளையோர்க்கும் இடையே எழுந்த வினாவிடைகளோ பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. ஆதலின், அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கறுப்பின மக்களின் உரிமைப் போரில் மாணாக்கராய்ப் புகுந்து, பின்னர் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் 33 ஆண்டு வீற்றிருந்த ஜான் லூயிஸ் என்பாரின் வாழ்க்கையில் அப்பகுதியை மட்டும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவர் 1940ஆம் ஆண்டு அலபாமா மாகாணத்தில் டிராய் என்னும் ஊரையடுத்து, வாரத்திற்கு உழுத குடியானவர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். சிறுவராயிருந்தபோது வீட்டுக் கோழிகளை நிறுத்தி வைத்துச் சமயப் பிரசங்கம் செய்வாராம். மேற்படிப்பிற்கு நாஷ்வில் நகரம் சென்றவிடத்து ஜேம்ஸ் லாசன் என்னும் பெரியாரை அடைந்தார். லாசன் நம் நாட்டு நாகபுரியில் தங்கிக் காந்தியடிகளின் அறப்போர் நெறியை ஆராய்ந்தவர். அவர்பாற் பயின்ற மாணாக்கர், 1960 பிப்ரவரியில் வெள்ளையர்க்கு மட்டுமே உணவளித்த கடைகளிற் சென்று அமர்ந்தனர், அடியுண்டனர், சிறை புகுந்தனர், ஒருவரும் திருப்பி அடித்திலர்.

அவ்வாண்டு ஏப்ரல் 19இல், மாணாக்கர்க்காக வாதாடிய வழக்கறிஞர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு எறியப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானோர் நகராண்மைக் கழக மாளிகைக்கு வாய்பேசாது நடந்து சென்றனர். அதன் படிக்கட்டில் டயான் நாஷ் என்னும் மாணவி, நகரத் தலைவர் பென் வெஸ்டை நோக்கி, ஒருவனை அவன் நிறம் பற்றி மட்டும் விலக்குதல் தவறன்றோ என்று வினவினாள். தவறே என்று அவர் ஒப்புக்கொண்டார். நன்னூலார் வகுத்த வினா ஆறனுள் அறிவினா என்பது, விடையறிந்த ஆசிரியன் மாணாக்கனைக் கேட்பது. நாஷ்வில்லில் அதனை மாணவி கேட்க, ஆள்வோர் விடையிறுத்தார். மே 10இல் அவ்வூர்க் கடைகள் சில கறுப்பர்க்கும் உணவளிக்கத் தொடங்கின.

இனி 1963 ஆகஸ்டு 28இல் வாஷிங்டனில் நிகழ்ந்த பேரணியைக் கூறுவாம். மாணவர் சங்கத்தின் தலைவராய்ப் பேச வந்த லூயிஸுக்கு வயது 23. அவருரையிற் பொறுமை என்பதை இழிசொல்லாகக் கூறிய ஒரு தொடர் இருந்தது. அதனைக் கண்ட கத்தோலிக்கப் பேராயர், தாம் மேடையேறிப் பிரார்த்தனை செய்ய இயலாது என்றார். பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த நூலை நாடோறும் கற்பிக்கும் எமக்கும் அத்தொடர் செவிக்கு இனிதன்று. ஆயினும், தலைமுறை தலைமுறையாய் அடிமையும் தாழ்வும் உற்றாரை நோக்கி இன்னும் பொறுமின் என்று கூறுதற்கு உரிமையுடையார் யாவர்? அத்தொடர் நீக்கப்பட்ட பின்னும் மூத்தோர் வேறு சில பகுதிகளையும் மாற்றச் சொல்லினர், இளையோர் இசைந்திலர். முடிவில் 74 வயதினராகிய பிலிப் ராண்டால்ப், 1941 முதலே இத்தகைய பேரணியைக் கருதியிருந்தவர், தம் வாழ்நாட் கனவைக் கெடுத்தல் வேண்டா என்று இளையோரிடம் இரந்து நின்றார். ஆணையிட்டிருப்பின் லூயிஸ் கேட்டிருப்பாரோ என்பது ஐயமே. முதியவர் இரந்தமையால், லிங்கன் சிலைக்குப் பின்னுள்ள சிற்றறையில் அமர்ந்து உரையைத் திருத்திக்கொண்டார்.

1965 மார்ச்சு 7இல் செல்மா நகரத்துப் பாலத்தின்மீது காவலர் அடித்த அடியில் அவர் மண்டையோடு உடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 6இல் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. அங்ஙனம் குருதி சிந்தியவரை, அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவர் சங்கத்தாரே தலைமையினின்று நீக்கினர். முதலில் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். நள்ளிரவில் அத்தேர்தல் மறுக்கப்பட்டு, மறுமுறை வாக்கெடுப்பில் ஸ்டோக்லி கார்மைக்கேல் தலைவரானார். அறப்போர் போதாது என்று எண்ணிய இளையோர்க்கு, 26 வயதிலேயே லூயிஸ் பழையவராய்த் தோன்றினார்போலும்! அவர் மிக வருந்தினார். சில திங்களிற் பதவி துறந்து வெளியேறினார். ஆயினும் எதிர்ச்சங்கம் ஒன்று கண்டு கட்சி கட்டினாரல்லர். சங்கம் நடத்துவார்க்கு இஃது எத்துணை அரிது என்பது தெரியும்.

பின்னர்க் கறுப்பரை வாக்காளராய்ப் பதிவு செய்விக்கும் பணியிற் பல்லாண்டு உழைத்தார். 1986இல், தம் பழந்தோழர் ஜூலியன் பாண்டையே தேர்தலில் எதிர்த்து வென்று சபை புகுந்தார். அவ்வெற்றியால் அந்நட்பு நெடுங்காலம் புண்பட்டது.

2011 அக்டோபரில், செல்வர் ஆதிக்கத்தை எதிர்த்து அட்லாண்டா நகரப் பூங்காவிற் கூடிய இளைஞர்பால் அவர் வாழ்த்துரைக்கச் சென்றார். எல்லாரும் உடன்பட்டாலன்றி எதுவும் நிகழாது என்பது அக்கூட்டத்து விதி. எவரும் மற்றவரினும் உயர்ந்தவரல்லர், இவர்க்கு மட்டும் தனியிடம் ஏன் என்று ஒருவர் வினவினார். 71 வயதினராகிய லூயிஸ் சிறிது பொழுது காத்திருந்து, பேசாமலே திரும்பினார். செய்தியாளர் கேட்டதற்கு, தமக்கு வருத்தமில்லை என்றும், அவ்வியக்கம் வளர்ந்து வருகின்றது என்றும் கூறினார். அவ்விளைஞர் செய்தது மரியாதைக்குறைவு என்பதே எம் கருத்து. ஆயினும் அவமதிக்கப்பட்டவரே அதனைக் குற்றமாகக் கொண்டிலர்.

2013இல், மேற்கூறிய வாக்குரிமைச் சட்டத்தின் முதன்மையான பகுதியொன்றை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அவ்வாண்டிலேயே அவர், வேறிருவர் துணையோடு, தம் வரலாற்றைச் சிறுவரும் படிக்கும் வண்ணம் படக்கதையாய் வெளியிடத் தொடங்கினார். 2015இல் சான் டியகோ நகரத்துப் படக்கதை விழாவில், செல்மாவில் அணிந்தது போன்ற மேலங்கியும் முதுகுப் பையும் தாங்கிப் பள்ளிச் சிறுவரோடு கைகோத்து நடந்தார். செல்மாவில் அப்பையில் இருந்தவை இரண்டு புத்தகங்கள், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பற்றூரிகை. சிறை செல்ல ஆயத்தமாய் வந்தவர் அவற்றையே கொண்டுவந்தார்.